தோளில் விழுந்த கை

ரசிகன் என்றதும் நம் அறிவுஜீவிகளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துகிறவன், முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மாவின் தோட்டை அடகு வைக்கிறவன். 'விசிலடிச்சான் குஞ்சு' என்று ஒரு பட்டமும் வைத்திருக்கிறார்கள். சபாவில் வித்வானின் காலில் விழுந்து எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரை இவர்கள் குஞ்சு என்பதில்லை. அவர் 'ரசிகர்', அவருக்கு 'ர்' விகுதி உண்டு. டூரிங் டாக்கீஸில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து கைதட்டுகிறவனுக்கு 'ன்' போதும். இந்த 'ர்'க்கும் 'ன்'னுக்கும் நடுவில் எது உட்கார்ந்திருக்கிறது என்று நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடதுசாரி நண்பர்கள் சிரிக்கமாட்டார்கள். வருத்தப்படுவார்கள். உழைக்கும் மக்கள் பொய்யான பிம்பத்தில் மயங்கிக் கிடக்கிறார்கள் என்பார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' என்ற புத்தகம் இந்த வருத்தத்துக்கு ஒரு கனமான ஆய்வு வடிவம் கொடுத்தது. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளை எப்படிப் பிடித்து வைத்தது, அவர் ஆட்சி யாருக்குப் பயன்பட்டது என்று அவர் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் வலுவானவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொறியைப் பற்றி எழுதுகிறபோது, உள்ளே போனவன் எந்தப் பசிக்குப் போனான் என்பதையும் எழுதவேண்டும். சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகளோடும் ரசிகர் மன்றத்தாரோடும் பேசி, 1993-ல் ஒரு புத்தகம் போட்டார். நம் ஊர்க்காரனிடம் உட்கார்ந்து கேட்க வெளிதேசத்திலிருந்து ஒரு பெண் வரவேண்டியிருந்தது. அப்போதும் சேரி ரசிகனை அவன் சேரியில் வைத்து, அவன் சாதியோடு சேர்த்து, நாம் கேட்டு எழுதிய புத்தகம் என்று ஒன்றை என்னால் கைநீட்டிக் காட்ட முடியவில்லை.

பிடித்த நடிகரை நேரில் பார்ப்பது, பக்கத்தில் நிற்பது, போட்டோ எடுத்துக்கொள்வது. இதற்கு ஒரு சேரி இளைஞனின் வாழ்க்கையில் என்ன பொருள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

எங்கள் பக்கத்தில், பழைய தென்னாற்காட்டில், ஒரே நடிகருக்கு இரண்டு மன்றம் இருக்கும். ஊரில் ஒன்று, காலனியில் ஒன்று. சுடுகாடு இரண்டு, தண்ணீர்த் தொட்டி இரண்டு, மன்றமும் இரண்டு. நடிகர் மட்டும் ஒருவர். ஊர் மன்றத்துக்குப் பதிவு எண் உண்டு. எங்களுடையது அதற்குக் 'கிளை'. படம் ரிலீசாகிறபோது டவுன் தியேட்டரில் தோரணம் கட்டுவதும் கட்அவுட் மேல் ஏறுவதும் எங்கள் பையன்கள். மாலையைப் போட்டுவிட்டு போட்டோவுக்கு நிற்பது அவர்கள். பேனரில் மேலே தலைவர் முகம், கீழே வரிசையாகச் சின்ன வட்டங்களில் மன்றத்தார் முகம். அந்த வட்டங்களின் வரிசையைப் பார்த்தாலே ஊரின் தெரு வரிசை தெரிந்துவிடும்.

என் பெரியப்பா மகன், அண்ணன், சுவர் விளம்பரம் எழுதுகிறவர். கட்சிச் சின்னம், சிமெண்ட் விளம்பரம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் எழுதுவார். அவர் கையில் அந்த நடிகரின் முகம் அச்சு அசலாக விழும். ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் அவர் வரைந்த முகம்தான். சுவரின் வெளிப்பக்கத்தில் மட்டும். நடிகர் யார் என்று எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. அண்ணனுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் மாவட்ட மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. சென்னையில் ஒரு மண்டபத்தில் தலைவர் ரசிகர்களைச் சந்திக்கிறார், ஆளுக்கு ஒரு போட்டோ. வேனுக்குப் பணம் கட்டி, புது வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனார். வந்து சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்:

"செல்போன வாங்கி வச்சிக்கிட்டாங்க. டோக்கன கையில புடிச்சிக்கிட்டு காலையில இருந்து நிக்கிறேன். உள்ள போனதும் ஒண்ணும் தெரியலடா. ஏசி சில்லுனு அடிக்குது, லைட்டு கண்ண கூசுது. பேசணும்னு யோசிச்சி வச்சதெல்லாம் மறந்துபோச்சி. நான் கைய பின்னால கட்டிக்கிட்டு தள்ளித்தான் நின்னேன். அவருதான் எட்டி தோள்ல கைய போட்டு கிட்ட இழுத்தாரு. 'நல்லா இருக்கீங்களா'ன்னாரு. 'இருக்கேன் சார்'ன்னேன். அவ்ளோதான். அடுத்த ஆளு."

"எவ்ளோ நேரம்ணே?"

"எண்ணிப் பாத்தா மூணு செகண்டு இருக்கும். ஆனா, அவரு எட்டி கை போட்டாருடா. நான் போயி தொடல."

எட்டிக் கை போட்டார் என்பதை அண்ணன் அன்று ராத்திரிக்குள் பத்துத் தடவை சொல்லியிருப்பார். பெரியம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "வேல கீல எதுனா கேட்டியா?" கேட்கவில்லை. "பொம்பளைங்கள உட்டாங்களா உள்ள?" அண்ணனுக்கு அது ஞாபகமில்லை. யாரும் பார்த்த மாதிரி இல்லை. "அப்ப சரி" என்று பெரியம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். அந்த 'அப்ப சரி' பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

போட்டோ கைக்கு வந்ததும் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். பக்கத்தில் அம்பேத்கர் படம். மாட்டுவதற்கு முன்னால் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரரும் அதே நடிகருக்கு ரசிகர்தான். கல்லாவை விட்டு எழுந்து வந்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போட்டோவை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "குடுத்து வச்சவன்டா நீ" என்றார். உண்மையான பொறாமை அது. அதில் பொய் இல்லை. பிறகு டீ போட்டார். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்களுக்குப் பேப்பர் கப்.

*

இதை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகப் பேசலாம். 'பார், போட்டோவால் ஒன்றும் மாறவில்லை, மயக்கம்தான்' என்று முடித்துவிடலாம். சுலபமான முடிவு. அண்ணனுக்கே அது தெரியும். பேப்பர் கப்பை அவர்தான் கையில் பிடித்திருந்தார், ஆய்வாளர் பிடித்திருக்கவில்லை.

நான் பார்க்கச் சொல்வது அவர் பின்னால் கட்டிக்கொண்ட கையை. துண்டைக் கக்கத்தில் இடுக்கு, கையைக் கட்டு, மூன்றடி தள்ளி நில் என்று தலைமுறை தலைமுறையாக உடம்புக்குச் சொல்லிக் கொடுத்ததை உடம்பு மறக்கவில்லை. சென்னையில் ஏசி மண்டபத்திலும் அது தள்ளித்தான் நிற்கிறது. அப்படித் தள்ளி நிற்கிற உடம்பை ஒரு கை எட்டித் தொடுகிறது. ஊரே கும்பிடுகிற கை. தீண்டாமை என்பதே தொடுதல் பற்றிய சட்டம்தான் என்கிறபோது, தொடுதலைத் தேடிப் போகிறவனை மூடன் என்று சொல்ல நாம் யார்? உயர்சாதி ரசிகனுக்கு அந்தப் போட்டோ ஒரு ஞாபகப் பொருள். சேரி ரசிகனுக்கு அது ஒரு சான்றிதழ்.

சான்றிதழ் என்று சொல்வதிலேயே பிரச்சினையும் இருக்கிறது. சான்றிதழ் கொடுப்பவன் ஒருத்தன், வாங்குபவன் ஒருத்தன். கொடுப்பவன் கை எட்டாமல் இருந்திருந்தால் நம் தோளுக்கு மதிப்பில்லையா? இந்த இடத்தில்தான் விமர்சனம் தொடங்கவேண்டும். சிரிப்பிலிருந்தும் வருத்தத்திலிருந்தும் தொடங்கக்கூடாது.

*

தமிழ் சினிமா நம்மைத் தொட்ட கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம்.

1956-ல் 'மதுரை வீரன்' வந்தது. எம்.ஜி.ஆர். நாயகன், கண்ணதாசன் வசனம். மதுரை வீரன் யார்? அருந்ததியர் மக்களின் வீரன். மேல்சாதிப் பெண்ணைக் காதலித்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்துத் தெய்வமானவன். திரையில் அவன் அரச குடும்பத்தில் பிறக்கிறான். குழந்தையைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். வளர்த்ததுதான் சக்கிலியர் வீடு, ரத்தம் ராஜ ரத்தம். கதைப்பாடலிலேயே இந்தப் பிறப்பு மாற்றம் புகுந்துவிட்டது என்பார்கள். புகுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டதற்கு சினிமாவுக்குக் காரணம் இருந்தது. நம் வீரனைத் தொடுவதற்கு முன்னால் அவனுக்குத் தீட்டுக் கழிக்கவேண்டியிருந்தது. ஆனாலும் சேரிகளில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ராஜா மகன் என்கிற ஜோடனையைத் தள்ளிவிட்டு 'நம்ம வீரன்' என்றே பார்த்தார்கள். பார்வையாளனுக்கும் கத்திரிக்கோல் உண்டு. சென்சார்காரன் மட்டும்தான் படத்தை வெட்டுகிறான் என்று நினைக்கக்கூடாது.

அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். மீனவரானார், விவசாயியானார், ரிக்‌ஷாக்காரரானார். மாட்டுக்காரரும் ஆனார். 1972-ல் தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது அவர் பின்னால் நின்ற முதல் அணி ரசிகர் மன்றங்கள்தான். கிழவிகளைக் கட்டிப்பிடித்த அவருடைய போட்டோக்கள் வீடுவீடாகத் தொங்கின. குடிசையில் உள்ள கிழவியை அதற்கு முன்னால் எந்தத் தலைவர் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எம்.ஜி.ஆர். பிம்பத்தை விளக்க முடியாது. கட்டிப்பிடித்த கைக்குக் கீழே கிழவியின் குடிசைக்குப் பட்டா வந்ததா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஒன்றைக் கேட்டு மற்றதை விழுங்குகிறவர்கள்தான் அதிகம்.

தொண்ணூறுகள் வேறு மாதிரி. 1992-ல் 'சின்னக் கவுண்டர்', அதே ஆண்டு 'தேவர் மகன்', 1993-ல் 'எஜமான்', 1994-ல் 'நாட்டாமை'. தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிச் சேரிகள் தலைநிமிர்ந்த காலத்தில், திரையில் பண்ணையார்கள் கூட்டமாக இறங்கினார்கள். 'எஜமான்' ரஜினிகாந்த் படம். அவர் பாதம் பட்ட மண்ணை ஊரார் நெற்றியில் வைத்துக்கொள்கிறதாக அதில் ஒரு பாட்டு. கண்டக்டராக இருந்து வந்தவர், கருப்பு நிறத்தை மறைக்காதவர், 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர். அந்த மனிதரைத்தான் சேரிப் பையன்கள் நேசித்தார்கள். கதவைத் தள்ளித் திறக்கிற ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சினிமாக்காரர்கள் அந்த ஆளையே எஜமான் ஆக்கிக் காட்டியபோது, எங்கள் பையன்களை அந்தக் கால்மண்ணுக்கே கைதட்ட வைத்தார்கள். கைதட்டினோமா? தட்டினோம். சண்டைக் காட்சிக்குத் தட்டினோம், நடைக்குத் தட்டினோம். கால்மண் பாட்டில் பீடி குடிக்க வெளியே போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எந்த ஆய்விலும் ஒரு வரி இருக்காது.

*

இனி மண்டபத்துக்கு வருவோம். 2017 மே மாதத்திலும் பிறகு டிசம்பர் 26 முதல் 31 வரையிலும், கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்தில் ரஜினிகாந்த் மாவட்டவாரியாக ரசிகர்களைச் சந்தித்தார். ஒவ்வொருவராக மேடையேறி அவருடன் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காலில் விழ வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். விழுந்தவர்கள் விழுந்தார்கள். டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாகவும் 234 தொகுதியிலும் நிற்பதாகவும் அறிவித்தார். அது ஆன்மிக அரசியல் என்றார். மூன்று வருஷம் மன்றத்தார் பூத் கமிட்டி போட்டார்கள். 2020 டிசம்பர் 29-ல் உடல்நிலை காரணமாகக் கட்சி தொடங்கவில்லை என்று அறிக்கை வந்தது. 2021 ஜூலையில் மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு மறுபடி ரசிகர் மன்றம் ஆனது.

உடம்பு சரியில்லாத மனிதர் ஒதுங்கிக்கொண்டதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வேறு. அந்தச் சந்திப்பின் அமைப்பே ஒருவழிப் பாதை. மேடை அவருடையது, மைக் அவருடையது, கேமரா அவருடையது. ரசிகனுக்குக் கொடுக்கப்படுவது சில வினாடி நேரமும் ஒரு காகிதமும். அவன் கேள்வி கேட்க ஏற்பாடில்லை. காலில் விழாதே என்று சொல்வது நல்ல வார்த்தைதான். ஆனால் நேருக்கு நேர் நின்று பேச இடம் கொடுக்காத மேடையில், விழாமல் இருந்தால் மட்டும் சமமாகிவிட முடியாது.

இதே காலத்தில்தான் பா. இரஞ்சித் அந்த உடம்பை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தினார். 2016 ஜூலையில் 'கபாலி' வந்தது. சிறையில் இருக்கிற கபாலி முதலில் நமக்குத் தெரிகிறபோது கையில் ஒரு புத்தகம். ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா'. தெலங்கானாவின் ஒரு மாதிகா குடும்பம் ரயில்வே வேலை வழியாகவும் படிப்பு வழியாகவும் தலைமுறை தலைமுறையாக மேலே வந்த கதை. தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. அந்த விசிலில் புத்தகத்தின் அட்டையைப் படித்த விசில் எத்தனை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரமே எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் 'அது என்னா புக்குண்ணே' என்று கேட்டு வந்தார்கள். கோட்டு போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்காருவதை அந்தப் படம் அரசியலாகப் பேசியது. 'எஜமான்' கால்மண்ணைக் காட்டியபோது ஊர் மன்றத்துக்கு வராத கோபம், 'கபாலி' கால்மேல் கால் போட்டபோது வந்தது. தலைவரையே 'அந்த டைரக்டர் கெடுத்துட்டான்' என்றார்கள். இவ்வளவு நாள் இவர்கள் எந்தத் தலைவரை நேசித்தார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

2018 ஜூன் 7-ல் 'காலா'. தாராவி. ஜீப்பின் எண் பலகையில் பி.ஆர். 1956. நிலம்தான் கதை. காலைத் தொடச் சொல்லி எதிர்பார்க்கிற ஆதிக்கத்துக்கு எதிரே அந்தப் படம் கைகுலுக்கலை வைக்கிறது. கைகொடுப்பதுதான் சமத்துவம் என்கிற கருத்தைச் சொன்னது. 1993-ல் நெற்றிக்கு வந்த கால்மண், 2018-ல் கைகுலுக்கல். இருபத்தைந்து வருஷம். இந்தத் தூரத்தை நடந்தது நடிகர் அல்ல. தொண்ணூறுகளின் தலித் இயக்கமும் எழுத்தும், அதைப் படித்து வளர்ந்து கேமராவுக்குப் பின்னால் போய் நின்ற தலைமுறையும் நடந்தது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ரசிகன் எழுந்துபோய் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், நாயகனுடனான உண்மையான சந்திப்பு நடந்தது. அதற்கு டோக்கன் தேவைப்படவில்லை.

*

'காலா' வெளிவருவதற்கு எட்டு நாள் முன்னால் வேறொரு சந்திப்பு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மே 30 அன்று காயம்பட்டவர்களைப் பார்க்க ரஜினிகாந்த் அரசு மருத்துவமனைக்குப் போனார். கட்டிலில் கிடந்த ஓர் இளைஞர் அவரைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். ரஜினிகாந்த் என்று இவர் பெயர் சொன்னார். தமிழ்நாட்டில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது, அது அந்தக் கட்டில். போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று அதே பயணத்தில் அவர் பேசினார். எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்ற பொருளில் சொன்னார். எட்டு நாள் கழித்துத் திரையில் அவரே நிலத்துக்காகப் போராடும் மக்களோடு நின்றார்.

அந்த இளைஞர் கேட்டதைத் திமிர் என்றார்கள் சிலர், நாடகம் என்றார்கள் சிலர். எனக்கு அது தமிழ் ரசிகச் சரித்திரத்தில் ஒரு முக்கியமான கேள்வி. மண்டபத்தில் ரசிகன் கேட்க முடியாமல்போனதை மருத்துவமனையில் ஒருவர் கேட்டார். மண்டபத்தில் நாயகன் நிற்கிறான், வரிசை நகர்கிறது. இங்கே காயம்பட்டவன் கிடக்கிறான், நாயகன் வருகிறான். யார் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்பது மாறினால் கேள்வியும் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 1966-ல் அங்கே 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. நிஷெல் நிக்கல்ஸ் என்ற கறுப்பின நடிகை அதில் விண்கப்பலின் அதிகாரியாக நடித்தார். வேலைக்காரி வேடம் தவிரக் கறுப்புப் பெண்களுக்கு அதிகம் கிடைக்காத காலம். முதல் ஆண்டு முடிகிறபோது விலகிவிட நினைத்திருந்தார். அப்போது ஒரு விழாவில், உங்கள் பெரிய ரசிகர் ஒருவர் உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்று அழைத்துப் போனார்களாம். வந்து நின்ற ரசிகர் மார்ட்டின் லூதர் கிங். விலகக்கூடாது, உங்கள் பாத்திரம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று அவர் எடுத்துச் சொன்னதாக நிக்கல்ஸ் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அவர் விலகவில்லை. பிற்பாடு, விண்வெளி வீரர் வேலைக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்க நாசாவுக்காகப் பிரச்சாரமும் செய்தார்.

ரசிகனாக இருப்பது இழிவல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த ரசிகர் போட்டோ கேட்டு வரவில்லை. நீ நடிப்பதற்கு என்ன பொருள் என்று நடிகைக்குச் சொல்ல வந்தார். ரசிகன் கைநீட்டி வாங்கவில்லை, கொடுத்தான். மக்கள் இயக்கம் ஒன்று பின்னால் இருந்ததால் அவரால் கொடுக்க முடிந்தது.

*

பாபாசாகேப் இந்த விஷயத்தில் நமக்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். 1943 ஜனவரியில் பூனாவில் ரானடே நினைவாகப் பேசியபோது, நாயக வழிபாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒருவரை மனம்நிறையப் பாராட்டுவது ஒன்று. அவருக்குக் கீழ்ப்படிவது இன்னொன்று. முன்னதில் தவறில்லை, பின்னதுதான் ஆபத்து என்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோய்விடும் என்று எச்சரித்தார். முதலாவதைப் படிக்காமல் இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டி ரசிகனைத் திட்டுகிறவர்கள் பலர். அண்ணன் சுவரில் முகம் வரைந்தது பாராட்டு. மாவட்டச் செயலாளர் சொன்னார் என்று யாருக்கு ஓட்டு என்பதை முடிவு செய்வது கீழ்ப்படிதல். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அழிப்பதுதான் நட்சத்திர அரசியலின் தொழில்.

அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதைக் கரூரில் பார்த்தோம். விஜய் 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கினார். அக்டோபர் 27-ல் விக்கிரவாண்டி மாநாட்டில் பெரியாருக்கும் காமராஜருக்கும் அம்பேத்கருக்கும் கட்அவுட் வைத்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் அவரைப் பார்க்க நின்ற கூட்டம் நெரிந்து 41 பேர் செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் பெரும்பகுதி. பெரியம்மா கேட்டாளே, பொம்பளைங்கள உள்ள விட்டாங்களா என்று. மண்டபத்துக்குள் இடமில்லாத பெண்கள் தெருவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் பொறுப்பு என்பது விசாரணையின் விஷயம். அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 27 அன்று, செத்தவர்களின் குடும்பத்தார் மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு அழைத்துவரப்பட்டு அங்கே அவர் அவர்களைச் சந்தித்தார். துக்கம் கேட்க நாம் போவோம், துக்க வீட்டுக்காரர் வரமாட்டார். இது தமிழ்நாட்டில் எல்லாச் சாதிக்கும் பொதுவான வழக்கம். கரூருக்குப் போக முடியாததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். மண்டபத்தின் ஒருவழிப் பாதை சாவு வீட்டையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்பது என் வாசிப்பு.

*

கடைசியாக, நம் பக்கத்து வேலை பற்றி.

ரசிகர் மன்றத்தை விட்டு வெளியே வா என்று சேரி இளைஞனிடம் சொல்வதற்கு முன்னால், அவன் வேறு எங்கே போவான் என்று நாம் யோசித்திருக்கிறோமா? ஊர்க் கோயில் திருவிழாவில் அவனுக்கு இடமில்லை. கட்சியில் கொடி கட்டுகிற இடம். நூலகம் ஊருக்குள் இருக்கிறது. சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து உட்கார, ஒரு பலகை நட, ரத்ததானம் செய்ய, பெயருக்குப் பின்னால் 'தலைவர்', 'பொருளாளர்' என்று போட்டுக்கொள்ள அவனுக்குக் கிடைத்த முதல் அமைப்பு மன்றம்தான். எங்கள் பக்கத்தில் மன்றத்தில் நோட்டீஸ் அடிக்கவும் மைக்செட் பேசவும் கற்றவர்கள் பலர் பிற்பாடு இயக்கத்துக்கு வந்து அதே வேலையைச் செய்தார்கள். இந்தப் பயணத்தை யாரும் எழுதவில்லை.

எழுதவேண்டும். மாணவ நண்பர்கள் பண்பாட்டு ஆய்வு என்று பிம்பங்களைக் கட்டுடைத்துக்கொண்டிருப்பது போதும். காலனிக்குக் காலனி போய் மன்றப் பலகை எழுதியவர்களிடமும், கட்அவுட்டில் ஏறி விழுந்து கால் போனவர்களிடமும், போட்டோ மாட்டிய வீடுகளிலும் உட்கார்ந்து கேளுங்கள். பேனரின் கடைசி வட்டத்தில் இருந்த முகங்களைக் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்களை முதலில் கேளுங்கள். வெளியேறியவர்கள் ஏன் வெளியேறினார்கள், இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். இந்தப் பக்கங்கள் அதற்குத் திறந்திருக்கின்றன.

டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் வராதவரைக்கும் எந்த நடிகரின் கையும் நம் தோளுக்குப் போதாது. ஆனால் அந்தக் கைக்காக ஏங்கிய தோளைப் பார்த்துச் சிரிக்கிறவனோடும் நமக்கு ஒரு பேச்சும் இல்லை.